ஒரே வீட்டில் மூன்று போன்: முகமா, கைரேகையா?

கேள்வி: நான் சாத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. பதினைந்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிய ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிறேன். வாங்கும்போது கடைப் பையனே முகத்தையும் கைரேகையையும் பதிந்து கொடுத்தான். போன மாதம் வீட்டுக்கு வந்த என் தங்கை, மேஜையில் கிடந்த என் போனை எடுத்துப் பார்த்தாள். அது தானாகத் திறந்துகொண்டது. எங்கள் இருவருக்கும் ஒரே ஜாடை, ஆனால் இரட்டையர் இல்லை. வங்கி ஆப், ஜிபே எல்லாம் அதில்தான் இருப்பதால் பயமாக இருக்கிறது. கணவர் வைத்திருக்கும் ஐபோனில் முகம் மட்டும்தான். 'முகம்தான் பாதுகாப்பு' என்கிறார். சரி, கைரேகைக்கே மாறிவிடலாம் என்றால், நான் தூங்கும்போது பன்னிரண்டு வயது மகன் என் விரலை வைத்துத் திறந்து கேம் விளையாடுகிறான். எங்களோடு இருக்கும் அம்மா பல வருடம் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தவர். அவருக்கு ரேகை விழுவதே இல்லை. ரேஷன் கடையில் கண்ணைப் பார்க்கும் கருவி வந்த பிறகுதான் அலைச்சல் இல்லாமல் பொருள் வாங்குகிறார். அவர் போனுக்கு முகம் வைத்துக் கொடுக்கலாமா? நம் முகமும் ரேகையும் போன் கம்பெனிக்குப் போகிறதா? பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், ரேகை திருடு போனால் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்ப்போம். உங்கள் போனில் இருக்கும் முகப் பதிவை இன்றைக்கே அழித்துவிட்டு, கைரேகையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கணவர் தன் போனைப் பற்றிச் சொல்வது சரி, அவர் முகத்தையே தொடரட்டும். அம்மாவின் போனுக்கு முகம் வைக்கலாம், அதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன. மூன்று போன்களிலும் பின் நம்பர் ஆறு இலக்கமாக இருக்கட்டும், அது மகனுக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

ஒரே வீட்டில் ஒருவருக்கு முகம், இன்னொருவருக்கு ரேகை என்று நான் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் போன் முகத்தைப் பார்க்கும் விதம் வேறு, கணவரின் போன் பார்க்கும் விதம் வேறு. கடையில் இரண்டையும் 'ஃபேஸ் அன்லாக்' என்று ஒரே பெயரில் சொல்லி விற்றுவிடுகிறார்கள்.

உங்கள் போனில் முகத்தைப் பார்ப்பது செல்ஃபி எடுக்கும் அதே முன்பக்கக் கேமரா. அது எடுப்பது ஒரு தட்டையான படம். அந்தப் படத்தில் தெரியும் முக அமைப்பை எண்களாக மாற்றி, முதலில் பதிந்து வைத்த எண்களோடு ஒப்பிட்டு, போதுமான அளவு ஒத்துப்போனால் பூட்டைத் திறந்துவிடுகிறது. எதிரே இருப்பது மேடு பள்ளமுள்ள நிஜ முகமா, தாளில் அச்சடித்த படமா என்று அளந்து பார்க்க அதனிடம் தனிக் கருவி கிடையாது. 'போதுமான அளவு' என்ற அந்தக் கோட்டைத் தயாரிப்பாளர் இறுக்கி வைத்தால் மங்கிய வெளிச்சத்தில் உங்களுக்கே திறக்காது, நீங்கள் எரிச்சலாவீர்கள். தளர்த்தி வைத்தால் உங்களுக்கு வசதி, உங்கள் ஜாடை உள்ளவருக்கும் வசதி. தங்கை எடுத்துப் பார்த்ததும் நடந்தது அதுதான்.

இது நேற்று வந்த பிரச்சினை இல்லை. ஆண்ட்ராய்டில் முக அன்லாக் முதலில் வந்தது 2011-இல், கேலக்ஸி நெக்ஸஸ் போனில். உரிமையாளரின் புகைப்படத்தைக் காட்டியே அதைத் திறந்தார்கள். அடுத்த வருடம் கண் சிமிட்டச் சொல்லும் சோதனையைச் சேர்த்தார்கள். 2017-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்8 அன்றைக்கு விலை உயர்ந்த போன்களில் ஒன்று. அதன் முக அன்லாக்கும் படத்துக்கு ஏமாந்தது. 2019 தொடக்கத்தில் நெதர்லாந்தின் கன்சூமென்டன்பான்ட் என்ற நுகர்வோர் அமைப்பு 110 போன்களைச் சோதித்ததில் 42 போன்கள் வெறும் புகைப்படத்துக்குத் திறந்துவிட்டன. படமே போதும் என்றால், கூடப் பிறந்த தங்கையின் நிஜ முகத்துக்கு எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் போனின் நிலைமையை நீங்களே பார்த்துவிடலாம். கணவர் போனில் உங்கள் முகம் நேராகத் தெரியும் ஒரு படத்தைத் திறந்து, திரை வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, உங்கள் போனின் முன்னால் ஒரு சாண் தூரத்தில் காட்டுங்கள். கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். திறந்துவிட்டால் அதற்கு மேல் விவாதமே வேண்டாம். திறக்காவிட்டாலும் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களைப் பொறுத்தவரை தங்கை ஏற்கனவே சோதனையை நடத்தி முடித்துவிட்டார்.

இப்போது கணவரின் ஐபோன். 2017-இல் ஐபோன் எக்ஸில் ஆப்பிள் கொண்டுவந்த 'ஃபேஸ் ஐடி' என்ற முறை இது. திரையின் மேல்பக்கம் இருக்கும் ஒரு சிறு கருவி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை முகத்தின் மேல் தூவுகிறது. மூக்கு முன்னால் நிற்கிறது, கண்குழி உள்ளே போகிறது. அதற்கேற்ப அந்தப் புள்ளிகள் விழும் இடம் மாறும். அதை ஒரு அகச்சிவப்புக் கேமரா படித்து, முகத்தின் ஆழத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. தட்டையான படத்தைக் காட்டினால் ஆழம் இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். அகச்சிவப்பு ஒளியைக் கருவியே தருவதால் இருட்டிலும் வேலை செய்யும். நாம் போனைப் பார்க்கிறோமா, கண் திறந்திருக்கிறதா என்றும் கவனிக்கும். இத்தனையும் செய்யத் தனிக் கருவிகள் வேண்டும், அவற்றுக்கு விலையும் இடமும் வேண்டும். உங்கள் விலையில் வரும் போன்களில் அவை இல்லாததற்குக் காரணம் அதுதான்.

சம்பந்தமில்லாத யாரோ ஒருவரின் முகத்துக்குப் போன் திறந்துவிடும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று ஆப்பிள் சொல்கிறது. பழைய ஐபோன்களில் இருந்த கைரேகைக்கு அந்த நிறுவனமே சொன்ன கணக்கு 50,000-இல் ஒன்று. உங்கள் கணவர் மனதில் வைத்திருப்பது இந்த ஒப்பீடாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கணக்கு முன்பின் தெரியாதவர்களுக்கானது. இரட்டையர், ஜாடை ஒத்த உடன்பிறப்புகள், 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் விஷயத்தில் தவறு நடக்கும் வாய்ப்பு அதிகம் என்று ஆப்பிளே தன் விளக்கத்தில் எழுதியிருக்கிறது. பிள்ளைகளின் முகத்தில் தனித்த அடையாளங்கள் இன்னும் முழுதாக உருவாகியிருக்காது என்பது காரணம். ஐபோன் எக்ஸ் வந்த மாதமே அமெரிக்காவில் பத்து வயதுப் பையன் ஒருவன் தன் அம்மாவின் போனை முகத்தால் திறந்து காட்டியது பெரிய செய்தியாக வந்தது. உங்கள் மகனுக்கு அப்பா ஜாடை இருந்தால் கணவரின் போனில் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. திறக்காவிட்டால் நிம்மதி. திறந்தால் முகப் பதிவை அழித்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் மறுபடி பதியச் சொல்லுங்கள்.

அவரிடம் இன்னும் ஒன்று சொல்லுங்கள். முகம் கிட்டத்தட்ட ஒத்துப்போய் ஆனால் திறக்காமல், உடனே சரியான பின் நம்பரை அடித்தால், ஐபோன் அந்த முகத்தையும் உரிமையாளரின் புதுத் தோற்றமாக எடுத்துக்கொண்டு பாடம் கற்க முடியும். தாடி வளர்ந்தாலும் கண்ணாடி மாறினாலும் நம்மை அடையாளம் கண்டுகொள்ள வைத்த வசதி அது. ஜாடை ஒத்த மகன் அப்பாவின் பின் நம்பரை அடித்து அடித்துத் திறந்துகொண்டிருந்தால் அதே வசதி எதிராக வேலை செய்யும். அதனால்தான் மகனுக்குப் பின் நம்பர் தெரியக் கூடாது என்றேன்.

ஆண்ட்ராய்டில் எல்லா முகமும் மோசம் என்றும் நினைத்துவிட வேண்டாம். வங்கிச் செயலிகளின் பாதுகாப்பைச் சோதிப்பது என் வேலை என்பதால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கூகுள் தன் விதிகளில் முகம், ரேகை போன்றவற்றை மூன்று வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. சோதனைக்கூடத்தில் படம், முகமூடி, போலி விரல் என்று காட்டி ஏமாற்றிப் பார்க்கும்போது நூற்றுக்கு ஏழு முறைக்கு மேல் ஏமாறாவிட்டால் மூன்றாம் வகுப்பு, அதுதான் உயர்ந்தது. ஏழிலிருந்து இருபது வரை ஏமாந்தால் இரண்டாம் வகுப்பு. இருபதைத் தாண்டினால் ஒன்றாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பு முகத்தால் பூட்டுத் திரையைத் திறக்கலாம், அவ்வளவுதான். ஆப்களுக்குள் அடையாளம் காட்ட அதைப் பயன்படுத்த முடியாது. ஆப் தன் தகவல்களைப் பூட்டி வைக்கும் ரகசியச் சாவிகளைத் திறக்கும் உரிமை மூன்றாம் வகுப்புக்கு மட்டுமே. 2023-இல் வந்த கூகுள் பிக்சல் 8 சாதாரண முன் கேமராவை வைத்தே இந்த மூன்றாம் வகுப்பை எட்டியது. ஆனால் அது விலை உயர்ந்த போன்.

இதை வைத்து உங்களுக்கு ஒரு எளிய அடையாளம் கிடைக்கிறது. உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து பாருங்கள். உள்ளே நுழைய விரலை மட்டும் கேட்டு, போனில் முகம் பதிந்திருந்தும் அதைக் கேட்கவே இல்லை என்றால், அந்த முகத்தை வங்கி நம்பவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். வங்கி நம்பாததை நீங்களும் நம்ப வேண்டியதில்லை.

கைரேகைக்கு வருவோம். உங்கள் விலைப் போன்களில் அது இரண்டு விதமாக வரும். பக்கவாட்டில் பவர் பட்டனிலேயே இருந்தால், ரேகையின் மேடும் பள்ளமும் தோலில் உண்டாக்கும் மிகச் சிறிய மின் வேறுபாட்டை அது அளக்கிறது. திரைக்கு அடியில் இருந்து, விரல் வைத்ததும் பளிச்சென்று வெளிச்சம் வந்தால், அது விரலைப் படம் எடுக்கிறது. விலை உயர்ந்த சில போன்களில் மூன்றாவது விதம் உண்டு, மீயொலியை அனுப்பி எதிரொலியைப் படிக்கும். இவற்றில் பக்கவாட்டுப் பட்டன்தான் எனக்குப் பிடித்தது. வேகமானது, ஸ்கிரீன் கார்டு ஒட்டுவதால் கெடுவதில்லை. திரைக்கு அடியில் இருப்பதென்றால், புதிதாகக் கண்ணாடி ஒட்டியதும் பழைய ரேகைகளை அழித்துவிட்டு மறுபடி பதிய வேண்டும். 2019-இல் சாம்சங் எஸ்10 போனில் சில சிலிக்கான் உறைகளை ஒட்டியிருந்தபோது பதியாத விரலுக்கும் போன் திறந்தது. உறையில் இருந்த கோடுகளையே சென்சார் ரேகை என்று படித்துவிட்டது. பிறகு மென்பொருளில் சரிசெய்தார்கள்.

ரேகையைப் போலியாகச் செய்ய முடியுமா? முடியும். 2013 செப்டம்பரில் ஐபோன் 5எஸ் கைரேகையோடு வந்த சில நாட்களிலேயே, ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படம் எடுத்து, அச்சடித்து, அதிலிருந்து மெல்லிய போலித் தோல் செய்து திறந்து காட்டினார்கள். அடுத்த வருடம் அன்றைய ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சர் உர்சுலா ஃபான் டெர் லையனின் கட்டைவிரல் ரேகையைச் செய்தியாளர் கூட்டத்துப் புகைப்படங்களிலிருந்தே உருவாக்கிக் காட்டினார்கள். 2020-இல் சிஸ்கோ நிறுவனத்தின் டாலோஸ் ஆய்வுக் குழு முப்பரிமாண அச்சில் செய்த போலி விரல்களால், தாங்கள் சோதித்த கருவிகளில் சராசரியாக 80 சதவீத முயற்சிகளில் வெற்றி பெற்றது. படிக்கும்போது பயமாகத்தான் இருக்கும். ஆனால் இதற்கெல்லாம் உங்கள் ரேகை தெளிவாக வேண்டும், அச்சு எடுக்கும் பொறுமையும் கருவியும் வேண்டும், போனும் கையில் வேண்டும், தவறான முயற்சிகள் சில ஆனதும் போன் பின் நம்பர் கேட்பதற்குள் வேலையை முடிக்க வேண்டும். அமைச்சருக்கும் பெரிய நிறுவன அதிபருக்கும் இது உண்மையான கவலை. சாத்தூர் பள்ளி ஆசிரியையின் போனுக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். உங்களைச் சுற்றி நடக்கக்கூடியது இவை: வீட்டில் ஒருவர் எடுத்துத் திறப்பது, பேருந்தில் தொலைவது, பின் நம்பரை யாராவது எட்டிப் பார்ப்பது. இந்த மூன்றுக்கு எது ஈடுகொடுக்கிறதோ அதுவே உங்களுக்கு நல்ல பூட்டு.

ரேகையில் உண்மையான பலவீனம் நீங்கள் சொன்னதுதான்: தூங்கும் ஆளின் விரல். 2016 கடைசியில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, தூங்கிக்கொண்டிருந்த அம்மாவின் கட்டைவிரலை வைத்துப் போனைத் திறந்து 250 டாலருக்குப் பொம்மைகள் வாங்கிவிட்டாள். முகத்தின் ஆழத்தையும் பார்க்கும் கணவரின் போன் இந்த இடத்தில் உங்களுடையதைவிட மேல், ஏனென்றால் கண் மூடியிருந்தால் அது திறக்காது. அவர் போனின் செட்டிங்ஸில் ஃபேஸ் ஐடி பகுதியில் கவனம் கேட்கும் அமைப்பு இயங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் போனுக்கும் தீர்வு இருக்கிறது. ஆண்ட்ராய்டு 9-இலிருந்து பவர் மெனுவில் 'லாக்டவுன்' என்று ஒரு பொத்தான் உண்டு. சில போன்களில் அதைச் செட்டிங்ஸில் ஒருமுறை இயக்கி வைக்க வேண்டும். படுக்கும் முன் அதைத் தொட்டுவிட்டால், பின் நம்பர் போடும் வரை விரலும் வேலை செய்யாது, முகமும் வேலை செய்யாது. பொத்தானைக் கண்டுபிடிக்க முடியவில்லையா, போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் படுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் எந்தப் போனும் முதலில் பின் நம்பரைத்தான் கேட்கும். மகனிடமும் நேராகப் பேசுங்கள். தூங்கும் அம்மாவின் விரலைப் பிடித்துத் திறப்பது திருட்டுத்தனம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. கேமுக்கு என்று ஒரு நேரத்தை நீங்களே ஒதுக்கிக் கொடுத்தால் ராத்திரியில் போனைத் தேட மாட்டான்.

அப்புறம், செட்டிங்ஸில் கைரேகைப் பட்டியலைத் திறந்து எத்தனை விரல் பதிவாகி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பின் நம்பர் தெரிந்த யாரும் தன் விரலை உள்ளே சேர்த்துவிடலாம், மகனுடையது ஏற்கனவே அங்கே இருந்தாலும் ஆச்சரியமில்லை. சந்தேகமாக இருந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்கள் விரல் இரண்டை மட்டும் புதிதாகப் பதியுங்கள். கண்டபடி விரல்களைச் சேர்ப்பதும் நல்லதல்ல. ஒரு விரலுக்கு 50,000-இல் ஒன்று என்ற கணக்கு, ஐந்து விரல் பதிந்தால் 10,000-இல் ஒன்று ஆகிவிடும் என்று ஆப்பிள் சொல்கிறது. புது விரல் சேர்த்ததும் உங்கள் வங்கி ஆப் கைரேகையை ஏற்காமல் மறுபடி பாஸ்வேர்டு கேட்கலாம். அது கோளாறு இல்லை. வேறு யாரோ தன் விரலைச் சேர்த்துவிட்டு நேராக வங்கிக்குள் நுழையக் கூடாது என்பதற்காக நாங்கள் வேண்டுமென்றே வைப்பது.

ஜிபே பற்றிய பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். போனும் திறந்து, ஆப்பும் திறந்தாலும், பணம் அனுப்பத் தனியாக யுபிஐ பின் வேண்டும். தங்கையால் பணம் எடுத்திருக்க முடியாது. யுபிஐ லைட் வைத்திருந்தால் மட்டும் சிறு தொகைகளுக்குப் பின் கேட்காது, வீட்டில் மகன் இருப்பதால் அதில் அதிகம் போட்டு வைக்காதீர்கள். 2025 அக்டோபரிலிருந்து யுபிஐ பின்னுக்குப் பதிலாகப் போனின் ரேகையையோ முகத்தையோ பயன்படுத்தும் வசதியும் வந்திருக்கிறது. விருப்பமிருந்தால்தான். உங்கள் வீட்டு நிலைமைக்கு அது வேண்டாம் என்பேன், தூங்கும் விரலால் போன் திறப்பது ஒன்று, பணம் போவது வேறு.

இவ்வளவு பேசினாலும், முகமோ ரேகையோ தோற்றால் எல்லாப் போனும் கடைசியில் வந்து நிற்பது பின் நம்பரிடம்தான். வாசல் கதவுக்கு இரட்டைப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் இல்லாமல் விடக் கூடாது. நான்கு இலக்கத்தில் மொத்தமே 10,000 நம்பர்கள், ஆறு இலக்கத்தில் பத்து லட்சம். பிறந்த வருடம், வண்டி நம்பர், 1-இலிருந்து 6 வரை வரிசையாக அடிப்பது, இவை எதுவும் வேண்டாம். பேட்டர்ன் கோடு போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், தூரத்திலிருந்தே பார்த்து மனதில் பிடித்துவிடலாம், திரையில் விரல் தடமும் தெரியும். ரேகைக்கும் முகத்துக்கும் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது, அதைப் பலரும் சொல்வதில்லை: பேருந்திலும் கடையிலும் பிறர் கண்ணெதிரே பின் நம்பரை அடிக்க வேண்டிய தேவையே வராது. அமெரிக்காவில் மதுக்கூடங்களில் ஐபோன்காரர்கள் பின் நம்பர் அடிப்பதை எட்டிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு, பிறகு போனையும் பறித்துக் கணக்குகளைக் காலி செய்த சம்பவங்கள் 2023-இல் வெளியே வந்தன. அதற்குப் பிறகு 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3-இல் 'ஸ்டோலன் டிவைஸ் ப்ரொடெக்‌ஷன்' என்ற பாதுகாப்பை ஆப்பிள் சேர்த்தது. அது இயங்கினால், வீடு, வேலையிடம் போன்ற பழகிய இடங்களுக்கு வெளியே முக்கியமான மாற்றங்களுக்குப் பின் நம்பர் மட்டும் போதாது, முகமும் வேண்டும். கணவரை இன்றைக்கே அதை இயக்கி வைக்கச் சொல்லுங்கள்.

அம்மாவின் விஷயம் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேலையில் தேய்ந்த கைகளோடு வாழ்ந்தவர்கள் ஒவ்வொரு கருவி முன்னாலும் விரலை மாற்றி மாற்றி வைத்துத் தோற்பதைப் பார்க்கும்போது, குறை தங்களிடம் இருப்பதாக அவர்கள் நினைத்துக்கொள்வதுதான் எனக்கு வருத்தம் தரும். முதலில் ரேகைக்கே இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேய்ந்திருந்தாலும், வேலையில் அதிகம் படாத மோதிர விரலிலோ சுண்டு விரலிலோ, இடது கையிலோ ரேகை நன்றாக இருக்கலாம். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, வறண்ட தோல் என்றால் கொஞ்சம் க்ரீம் தடவி அது ஊறிய பிறகு பதியுங்கள். ஒரே விரலை இரண்டு முறை, இரண்டு தனிப் பதிவாகப் பதிவதும் பலருக்குக் கைகொடுக்கிறது. ஒருமுறை நடு விரல்நுனி, மறுமுறை ஓரங்கள்.

அதுவும் சரிவரவில்லை என்றால் தயங்காமல் முகத்தை வையுங்கள். உங்கள் போனில் முகம் வேண்டாம் என்ற நான் அம்மாவுக்கு மட்டும் ஏன் சரி என்கிறேன் என்றால், ஒவ்வொரு முறையும் பின் நம்பர் அடிக்கச் சிரமப்படும் வயதானவர்கள் கடைசியில் பூட்டையே எடுத்துவிடுவார்கள். பூட்டே இல்லாத போனைவிட ஒன்றாம் வகுப்பு முகம் எவ்வளவோ மேல். அதற்கு ஈடாகச் செய்ய வேண்டியது: கண் திறந்திருந்தால் மட்டும் திறக்கும் அமைப்பு அந்தப் போனில் இருந்தால் அதை இயக்குங்கள். பூட்டுத் திரையில் எஸ்எம்எஸ் வாசகம் தெரியாதபடி மறைத்து வையுங்கள், ஓடிபி வந்தால் எடுப்பவர் கண்ணில் படக் கூடாது. அவர் போனில் யுபிஐ இருந்தால், அதன் பின் அவர் மனதில் மட்டும் இருக்கட்டும், அட்டையில் எழுதிப் போன் உறைக்குள் செருக வேண்டாம். மூக்குக் கண்ணாடி போடுபவர் என்றால் வாசல் பக்கம் வெளிச்சத்தில் உட்கார வைத்துக் கண்ணாடியோடும் இல்லாமலும் இரண்டு முறை பதிய முடிகிறதா பாருங்கள். அம்மாவுக்கும் உங்களுக்கும் ஜாடை ஒத்தால் உங்கள் முகத்துக்கும் அது திறக்கலாம். அம்மாவின் போனை நீங்கள் திறப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லையென்றால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கம்பெனிக்குப் போகிறதா என்ற கேள்விக்கு: ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் பூட்டுக்காகப் பதியும் முகமும் ரேகையும் போனுக்குள்ளேயே, மற்ற ஆப்கள் எட்ட முடியாத தனிப் பாதுகாப்புப் பகுதியில் கணித வடிவமாக இருக்கும்படி செய்திருக்கிறார்கள். அவை ஆப்பிளின் சர்வருக்கோ கூகுளின் சர்வருக்கோ போவதில்லை. உங்கள் வங்கி ஆப்புக்கும் உங்கள் ரேகை கிடைப்பதில்லை. 'ஆள் சரிதான்' என்ற பதில் மட்டும்தான் போனிடமிருந்து எங்களுக்கு வரும். ஆனால் பிளே ஸ்டோரில் கிடைக்கும் ஏதோ ஒரு ஆப் கேமராவைத் திறந்து உங்கள் முகத்தைப் படம் எடுத்தால் அது வேறு விஷயம். கடன் ஆப்கள் கேட்கும் செல்ஃபி அந்த நிறுவனத்தின் சர்வருக்குத்தான் போகும். போன் பூட்டின் பாதுகாப்பு அதற்குப் பொருந்தாது.

கடைசியாக, ரேகை திருடு போனால்? போன் பூட்டைப் பொறுத்தவரை, உங்கள் ரேகையின் நகல் யாரிடமாவது இருந்தாலும் போனும் அவர் கையில் இருந்தால்தான் பயன். சந்தேகம் வந்தால் அந்த விரலை அழித்துவிட்டு வேறு விரல் பதியலாம், அல்லது பின் நம்பரோடு நிறுத்திக்கொள்ளலாம். ரேகைத் திருட்டு உண்மையிலேயே வலிப்பது ஆதாரில். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கிலிருந்து கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் ஏஇபிஎஸ் முறையில், பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளைச் சிலிக்கானில் நகல் எடுத்துப் பணம் திருடிய வழக்குகள் இந்தியாவில் பதிவாகியிருக்கின்றன. அங்கே உங்கள் போனும் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. இதற்கு ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலும் அதன் ஆப்பிலும் 'பயோமெட்ரிக் லாக்' இருக்கிறது. உங்களுக்கும் கணவருக்கும் அதைப் பூட்டியே வைத்துவிடலாம், தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளும் வழி உண்டு. அம்மாவுக்குப் பூட்டினால் ரேஷன் கடையின் கண் கருவியும் அவரை ஏற்காது, அந்தப் பூட்டு ரேகை, கண், முகம் மூன்றையும் சேர்த்தே அடைத்துவிடும். ரேஷன் வாங்கப் போகும் நாளில் கிளம்பும் முன் நீங்கள் தற்காலிகமாக இல்லாமல் பூட்டையே நீக்கிவிட்டு, அவர் திரும்பி வந்ததும் மறுபடி பூட்டிவிடுங்கள்.